பில்ட் சர்வருக்கும் டிப்ளாய் டூலுக்கும் ஒத்துப்போகவில்லையா? எங்கிருந்து தேடத் தொடங்குவது

பில்ட் முடிந்துவிட்டது, டெஸ்ட் எல்லாம் பாஸ். கடைசியில் ‘ரிலீஸ் உருவாக்கு’ என்று ஒரு ஸ்டெப் இருக்கிறது, அது மட்டும் சிவப்பு. லாக்கைத் திறந்தால் ஒரு வரிப் பிழைச்செய்தி, அதன் கீழே பக்கம் பக்கமாக ஸ்டாக் ட்ரேஸ். இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் செய்வது, அந்த வரியை அப்படியே காப்பி செய்து இணையத்தில் தேடுவது. கிடைக்கிற பதில்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்கும். ஒருவர் பிளகினை மாற்றச் சொல்வார், இன்னொருவர் சான்றிதழ்ச் சோதனையையே அணைக்கச் சொல்வார், வேறொருவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார். எதையோ செய்து சரியாகிவிட்டாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அதனால் அடுத்த முறை வந்தாலும் முதலிலிருந்துதான் தேட வேண்டியிருக்கும்.

இந்த வகைக் கோளாறுகளை ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடலாம் என்பது என் எண்ணம். கோரிக்கை எந்த மெஷினிலிருந்து, எந்தப் பயனரின் பெயரில், எந்த முகவரிக்குப் போகிறது? இதற்குச் சரியான விடை தெரிந்துவிட்டால், பிழைச்செய்தி சொல்வது புரிய ஆரம்பிக்கும். தெரியாதவரை, செய்வதெல்லாம் குருட்டாம்போக்குதான்.

யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள்

பில்ட் சர்வர் என்பது ஜென்கின்ஸ், டீம்சிட்டி போன்ற ஒன்று. மூல நிரலை எடுத்து, கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, கடைசியில் ஒரு பேக்கேஜை உண்டாக்குவது அதன் வேலை. டிப்ளாய்மென்ட் டூல் என்பது ஆக்டோபஸ் டிப்ளாய் போன்றது. அந்தப் பேக்கேஜை எடுத்து, எந்தச் சூழலுக்கு எந்த வெர்ஷன் போக வேண்டும் என்று கணக்கு வைத்து, அங்கே கொண்டு நிறுவுவது இதன் வேலை. இரண்டும் தனித்தனி மென்பொருள், பெரும்பாலும் தனித்தனி மெஷினில் இருப்பவை. ஒன்றின் உள்விவரம் மற்றொன்றுக்குத் தெரியாது.

இரண்டையும் இணைக்க ஒரு பிளகின் போடுகிறோம். பிளகின் வந்ததும் ஏதோ தனிக் குழாய் பதித்துவிட்டது போல ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. உண்மையில் அது செய்வது மிகச் சாதாரணமான வேலை. நீங்கள் படிவத்தில் நிரப்பிய முகவரி, ஏபிஐ கீ (பாஸ்வேர்டு போல, டூலிடம் நீங்கள் யார் என்று காட்டும் ரகசிய எழுத்துத்தொடர்), புராஜெக்ட் பெயர், வெர்ஷன் ஆகியவற்றை எடுத்து, ஒரு கட்டளைவரி நிரலுக்குக் கொடுத்து ஓட்டும். அல்லது நேராக எச்டிடிபி கோரிக்கையாக அனுப்பும். அவ்வளவுதான். ஆகவே பிளகின் செய்வதை நீங்களும் கையால் செய்து பார்க்க முடியும். இதைப் பல இடங்களில் பயன்படுத்தப் போகிறோம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பில்டிலிருந்து டிப்ளாய் வரை பொதுவாக நாலு கோரிக்கைகள் போகும். முதலில் பேக்கேஜை ஏற்றுவது. அடுத்து, இந்த வெர்ஷனை வைத்து ஒரு ரிலீஸ் உருவாக்கு என்று சொல்வது. மூன்றாவது, இந்த ரிலீஸை இந்தச் சூழலில் டிப்ளாய் செய் என்று சொல்வது. நாலாவது, முடிந்ததா, என்ன ஆயிற்று என்று விசாரிப்பது. சில அமைப்புகளில் முதல் கோரிக்கை தலைகீழாக நடக்கும். பில்ட் சர்வர் பேக்கேஜைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், டிப்ளாய் டூல் வந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் இடத்தில் எது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையின் திசை மாறினால் திறக்க வேண்டிய போர்ட்டும், கொடுக்க வேண்டிய அனுமதியும், பார்க்க வேண்டிய லாக்கும் எல்லாமே மாறிவிடும்.

உங்கள் லேப்டாப்பில் வேலை செய்வது சாட்சி ஆகாது

பிரௌசரில் டிப்ளாய் டூலின் முகவரியைத் திறக்கிறீர்கள், அழகாகத் திறக்கிறது. பில்ட் மட்டும் ‘கனெக்ட் ஆக முடியவில்லை’ என்கிறது. உடனே பிளகின் மீது சந்தேகம் வருகிறது. ஆனால் நீங்கள் சோதித்தது உங்கள் லேப்டாப்பிலிருந்து போகிற பாதையை. பில்ட் போகிற பாதை வேறு.

அது எங்கிருந்து போகிறது? பில்ட் சர்வரிலிருந்து என்று நினைப்போம். அதுவும் பல நேரம் தவறு. ஜென்கின்ஸ், டீம்சிட்டி இரண்டிலும் முதன்மைச் சர்வர் வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும், உண்மையில் ஸ்டெப்பை ஓட்டுவது ஏஜென்ட். ஏஜென்ட் வேறொரு மெஷினில், வேறொரு நெட்வொர்க்கில்கூட இருக்கலாம். நாலு ஏஜென்ட் இருந்து, அதில் ஒன்றுக்கு மட்டும் ஃபயர்வாலில் வழி திறக்கப்படாமல் இருந்தால், பில்ட் ‘சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடவில்லை’ என்று தோன்றும். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறில் நான் முதலில் பார்ப்பது, தோற்ற பில்டுகள் எந்த ஏஜென்டில் ஓடின என்பதைத்தான். எல்லாம் ஒரே ஏஜென்ட் என்றால் விஷயம் பாதி முடிந்தது.

ஏஜென்ட் ஒரு டாக்கர் கன்டெய்னராக (ஒரு மெஷினுக்குள் தனி மெஷின் போலப் பிரித்து ஓட்டப்படும் அறை) இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். கன்டெய்னருக்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் அந்தக் கன்டெய்னரேதான், அதைத் தாங்கி நிற்கும் மெஷின் இல்லை. இரண்டு மென்பொருளும் ஒரே மெஷினில்தானே இருக்கின்றன என்று லோக்கல்ஹோஸ்ட் முகவரியைக் கொடுத்துவிட்டு, ஏன் போகவில்லை என்று திகைப்பவர்கள் நிறைய.

மெஷின் சரி, அப்புறம் பயனர். ஏஜென்ட் வழக்கமாக ஒரு சர்வீஸாக ஓடும், தனக்கென்று ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்டில். விண்டோஸில் அது லோக்கல் சிஸ்டம் அக்கவுண்ட்டாக இருக்கலாம். நீங்கள் அதே மெஷினில் உங்கள் பெயரில் லாகின் செய்து கட்டளையை ஓட்டினால் ஓடும், சர்வீஸ் ஓட்டினால் ஓடாது. காரணம், ப்ராக்ஸி (கோரிக்கைகளை நடுவில் வாங்கி வெளியே அனுப்பும் சர்வர்) அமைப்பு, மேப் செய்த டிரைவ், நீங்கள் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்த சான்றிதழ், பாத் மாறியில் (கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்) சேர்த்த ஃபோல்டர் ஆகிய எல்லாமே பயனருக்குப் பயனர் வேறாக இருக்கக்கூடியவை. லினக்ஸில் ஸ்டெப் 127 என்ற எக்ஸிட் கோடுடன் (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண், 0 என்றால் வெற்றி) விழுந்தால், கட்டளையே கண்டுபிடிக்கப்படவில்லை என்று பொருள். டிப்ளாய் டூலின் கட்டளைவரி நிரலை நீங்கள் நிறுவியிருப்பீர்கள், ஆனால் சர்வீஸ் அக்கவுண்ட்டின் பாத்தில் அது இருக்காது. 126 என்றால் ஃபைல் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. பெரும்பாலும் இயக்க அனுமதி இல்லாததுதான் காரணம்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. தோற்கிற ஸ்டெப்புக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு சிறிய ஸ்கிரிப்ட் ஸ்டெப்பைச் சேர்த்துவிடுங்கள். மெஷினின் பெயர், ஓட்டும் பயனரின் பெயர், பாத், ப்ராக்ஸி தொடர்பான மாறிகள், மெஷினின் கடிகார நேரம் ஆகியவற்றை லாகில் அச்சிடட்டும். மொத்த மாறிகளையும் கொட்டாதீர்கள், ரகசியக் கீ ஏதாவது லாகில் போய் உட்கார்ந்துவிடும். அதே ஸ்கிரிப்டில் கர்ல் (ஒரு முகவரிக்கு எச்டிடிபி கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் நிரல்) கட்டளையை விரிவான வெளியீட்டுடன் டிப்ளாய் டூலின் முகவரிக்கு ஓட்டுங்கள். பிளகின் போகிற அதே மெஷின், அதே பயனர், அதே பாதை. இனி வருகிற பதிலை நம்பலாம்.

பதில் வராத மூன்று விதம்

இணைப்பே ஏற்படவில்லை என்றால் அதிலும் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டிஎன்எஸ் (மெஷினின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) பிரச்சினை. உங்கள் லேப்டாப் அலுவலக டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது, ஏஜென்ட் வேறு எதையோ கேட்கிறது.

‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால், பெரும்பாலும் அந்த மெஷின் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டூல் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. ஜென்கின்ஸ் இயல்பாக 8080இல் இருக்கும். ஆக்டோபஸின் டென்டக்கிள் ஏஜென்ட் (டிப்ளாய் போய்ச் சேரும் மெஷினில் ஓடுவது, பில்ட் ஏஜென்ட் இல்லை) கேட்கும் முறையில் 10933இல் காத்திருக்கும், தானே போய் விசாரிக்கும் முறையில் சர்வரின் 10943க்குப் போகும். இந்த இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டு ஃபயர்வால் கோரிக்கை அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பது சாதாரணமாக நடக்கிறது.

எந்தப் பதிலும் இல்லாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்றுவிட்டு ‘டைம்ட் அவுட்’ என்று வந்தால், வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். மறுப்பு உடனே வருமா, காத்திருந்து வருமா என்ற இந்த ஒரு வித்தியாசமே, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடும். முதலாவது என்றால் டூலை நிர்வகிப்பவர், இரண்டாவது என்றால் நெட்வொர்க் குழு.

407 என்ற எண் வந்தால் பேசுவது டிப்ளாய் டூலே இல்லை, நடுவில் இருக்கும் ப்ராக்ஸி. அது தனக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு வேண்டும் என்கிறது.

சான்றிதழ்ப் பிரச்சினையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் என்பது, எதிரில் இருக்கும் சர்வர் இன்னார்தான் என்று உறுதி சொல்லும் ஃபைல். நிறுவனத்துக்குள் ஓடும் டூலுக்கு, நிறுவனமே கையெழுத்திட்ட சான்றிதழைத்தான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் அது இருக்கும், அதனால் பிரௌசர் குறை சொல்லாது. ஆனால் ஜென்கின்ஸும் டீம்சிட்டியும் ஜாவாவில் ஓடுபவை. ஜாவாவுக்கு ‘சிஏசர்ட்ஸ்’ என்று தனியாக ஒரு பட்டியல் உண்டு, இயல்பாக அதை மட்டும்தான் அது பார்க்கும். ‘பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு’ என்ற வரி லாகில் தெரிந்தால் விஷயம் இதுதான். உங்கள் நிறுவனத்தின் மூலச் சான்றிதழை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவும் ஏஜென்ட் பயன்படுத்தும் ஜாவாவில் சேர்க்க வேண்டும். ஒரே மெஷினில் இரண்டு ஜாவா இருப்பது அபூர்வமில்லை. ஜாவாவை மேம்படுத்தியபோது புதிய ஃபோல்டரில் பழைய பட்டியல் வராமல் போவதும் அடிக்கடி நடக்கும். சோதனையை அணைத்துவிடுகிற தேர்வு பல டூல்களில் இருக்கிறது, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஏபிஐ கீ அந்த வழியாகத்தான் போகிறது, எதிரில் இருப்பது யார் என்று பார்க்காமல் கீயை நீட்டுவது ஆகாது.

பழைய ஏஜென்ட் மெஷின் என்றால் இன்னொன்றும் பாருங்கள். இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் என்ற முறையின் 1.0, 1.1 இரண்டையும் பயன்படுத்தக் கூடாது என்று 2021 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தர ஆவணம் சொல்லிவிட்டது. சர்வர் பக்கம் அவற்றை அணைத்திருப்பார்கள், பழைய ஏஜென்டுக்கு 1.2 பேசத் தெரியாமல் கைகுலுக்கும் கட்டத்திலேயே முறிந்துவிடும்.

401, 403, 404

இந்த மூன்று எண்களில் ஏதாவது ஒன்று வந்துவிட்டால் சற்று மகிழ்ச்சி அடையலாம். நெட்வொர்க், சான்றிதழ் எல்லாம் தாண்டி ஒரு வெப் சர்வரைத் தொட்டுவிட்டீர்கள்.

401 என்றால் நீங்கள் யார் என்று அதற்குத் தெரியவில்லை. கீ தவறு, காலாவதி, அல்லது கீ போய்ச் சேரவேயில்லை. ஆக்டோபஸில் ஏபிஐ கீயை உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் முழுதாகக் காட்டும். அப்போது அரைகுறையாகக் காப்பி ஆகிவிட்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை, புதிதாக ஒன்றுதான் எடுக்க வேண்டும். இதில் கண்ணுக்கே தெரியாத ஒரு வகையும் உண்டு. கீயை எக்கோ கட்டளையால் ஒரு ஃபைலில் எழுதி, அந்த ஃபைலை ரகசியமாகப் பதிவு செய்தால், கீயின் வாலில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொள்ளும். லாகில் ரகசியங்கள் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும் என்பதால் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. கீயின் நீளத்தை மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

403 என்றால் ஆளைத் தெரிகிறது, அனுமதி இல்லை. பில்டுக்கென்று உருவாக்கிய அக்கவுண்ட்டுக்கு ரிலீஸ் உருவாக்க அனுமதி கொடுத்திருப்பார்கள், பேக்கேஜ் ஏற்ற மறந்திருப்பார்கள். அல்லது சோதனைச் சூழலுக்கு டிப்ளாய் செய்யலாம், உற்பத்திச் சூழலுக்கு முடியாது என்று வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். இந்த இடத்தில் அட்மின் கீயைக் கொடுத்து வேலையை முடிக்கத் தோன்றும். சோதித்துப் பார்க்க ஒரு தடவை சரி, அப்படியே விட்டுவிடுவது சரியில்லை. எந்த அனுமதி குறைகிறது என்று டிப்ளாய் டூலின் பிழைச்செய்தி பெரும்பாலும் பெயரோடு சொல்லும், அதை மட்டும் சேருங்கள்.

ஜென்கின்ஸ் பக்கம் ஒரு தனி 403 இருக்கிறது. டிப்ளாய் டூல் முடித்த பிறகு ஜென்கின்ஸை அழைத்து அடுத்த வேலையைத் தொடங்கச் சொல்லும் அமைப்பில், ‘செல்லுபடியாகும் க்ரம்ப் இல்லை’ என்று ஒரு செய்தி வரும். யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து அழைத்தால் ஜென்கின்ஸ் கூடுதலாக இந்த க்ரம்ப்பைக் கேட்கும், வேறு தளங்கள் உங்கள் பெயரில் கோரிக்கை அனுப்பாமல் தடுக்கும் ஏற்பாடு அது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஏபிஐ டோக்கன் கொடுத்தால் க்ரம்ப் தேவைப்படாது. பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் பழைய ஆலோசனைகளைப் பின்பற்ற வேண்டியதில்லை.

மூன்றிலும் மோசமாக அலைக்கழிப்பது 404. ‘அப்படி ஒன்று இல்லை’ என்கிறது, ஆனால் உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. சில மென்பொருள்கள், பார்க்க அனுமதி இல்லாத பொருளைப் பற்றி ‘இல்லை’ என்றே சொல்லும், இருக்கிறது என்ற தகவலைக்கூட வெளியே விடக் கூடாது என்பதற்காக. கிட்ஹப் தனிப்பட்ட ரெப்பாசிட்டரிகளுக்கு இப்படித்தான் செய்கிறது. ஆகவே 404 அனுமதிப் பிரச்சினையாகவும் இருக்கலாம். ஆக்டோபஸில் 2019.1 வெளியீட்டில் ‘ஸ்பேஸ்’ என்ற பிரிவு வந்தது. புராஜெக்ட் ஒரு ஸ்பேஸில் இருக்க, பிளகினில் ஸ்பேஸ் பெயரைக் காலியாக விட்டால் அது இயல்பான ஸ்பேஸில் போய்த் தேடும், கிடைக்காது. இன்னொரு வகை, விண்டோஸின் ஐஐஎஸ் வெப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் டூல்கள். கோரிக்கையின் அளவு இயல்பான வரம்பான 3 கோடி பைட்டைத் தாண்டினால் ஐஐஎஸ் 404 கொடுக்கக்கூடும், 404.13 என்ற உட்பிரிவு எண்ணை அதன் சொந்த லாகில் பார்க்கலாம். சிறிய பேக்கேஜ் ஏறுகிறது, பெரியது மட்டும் ‘இல்லை’ என்கிறது என்றால் இதைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்றால் இயல்பான வரம்பு 1 எம்பி, ஆனால் அது 413 என்று நேர்மையாகச் சொல்லிவிடும்.

2024.05.03 எங்கே போனது?

இணைப்பு, கீ, அனுமதி எல்லாம் சரியான பிறகும் ரிலீஸ் உருவாகவில்லை. ‘இந்த வெர்ஷன் பேக்கேஜ் கிடைக்கவில்லை’ என்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கோளாறு இதுதான், ஏனென்றால் எல்லாரும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே இது நடக்கிறது.

ஒரு குழு தேதியை வெர்ஷனாக வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில்ட் சர்வர் 2024.05.03 என்று ஒரு நியூகெட் (டாட்நெட் உலகின் பேக்கேஜ் வடிவம்) பேக்கேஜை உருவாக்குகிறது. அடுத்த ஸ்டெப், 2024.05.03 என்ற பேக்கேஜை வைத்து ரிலீஸ் உருவாக்கு என்கிறது. நியூகெட் வெர்ஷன் எண்களைச் சீர்ப்படுத்தும் வழக்கம் உடையது, எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யங்களை எடுத்துவிடும். ஆகவே சேமிப்பில் உட்கார்ந்திருப்பது 2024.5.3. கேட்பது ஒன்று, இருப்பது ஒன்று. இரண்டையும் எண்ணாக ஒப்பிடும் டூல் சமாளித்துக்கொள்ளும், எழுத்தாக ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். இதில் கொடுமை என்னவென்றால், அக்டோபர் 10 முதல் 31 வரை எந்தப் பிரச்சினையும் வராது. மாதமும் இரண்டு இலக்கம், நாளும் இரண்டு இலக்கம். நவம்பர் 1ஆம் தேதி உடைந்துவிடும். ‘நேற்றுவரை ஓடியது, நாங்கள் எதையும் தொடவில்லை’ என்று குழு சொல்வது முழு உண்மை.

அதே சீர்ப்படுத்தல் நாலாவது எண் பூஜ்யமாக இருந்தால் அதையும் நீக்கும். 1.0.0.0 என்பது 1.0.0 ஆகிவிடும். பிராஞ்சின் பெயரை வெர்ஷனில் சேர்ப்பவர்கள் இன்னொரு வகையில் மாட்டிக்கொள்வார்கள். வெர்ஷன் எண்களை எப்படி எழுதுவது என்று சொல்லும் செம்வெர் விதிப்படி சிறுகோடுக்குப் பின்னால் வரும் முன்வெளியீட்டுப் பகுதியில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, இவற்றைப் பிரிக்கும் புள்ளி மட்டுமே வரலாம். பிராஞ்ச் பெயரில் சாய்கோடோ அடிக்கோடோ இருந்தால் அது செல்லுபடியாகும் வெர்ஷனே இல்லை. அது மட்டுமல்ல, 1.4.0-பீட்டா என்பது 1.4.0ஐவிடச் சிறியது. ‘மிகப் புதியதை எடு’ என்று டூலிடம் விட்டுவிட்டால், நேற்று ஏற்றிய பீட்டாவை விட்டுப் போன மாதத்து 1.4.0ஐ எடுத்துக்கொள்ளும். டூலின் பார்வையில் அதுதான் சரி.

இதற்கு என் வழி, வெர்ஷனை பில்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் கணக்கிட்டு, ஒரு மாறியில் வைத்து, பேக்கேஜ் செய்யும் ஸ்டெப், ஏற்றும் ஸ்டெப், ரிலீஸ் உருவாக்கும் ஸ்டெப் எல்லாவற்றுக்கும் அதையே கொடுப்பது. முன்பூஜ்யம் இல்லாமல் தொடக்கத்திலேயே கணக்கிட்டுவிடுங்கள். கோளாறு தேடும்போது லாகில் இருக்கும் பெயரை நம்பாமல், டிப்ளாய் டூலின் பேக்கேஜ் பட்டியலைத் திறந்து அங்கே என்ன எழுத்து இருக்கிறது என்று நேரில் பாருங்கள்.

ஏற்கெனவே இருக்கும் வெர்ஷனை மறுபடி ஏற்றினால் 409 வருவதும் இந்தக் குடும்பம்தான். தோற்ற பில்டை அப்படியே மறுபடி ஓட்டும்போது இது வரும், ஏனென்றால் முதல் தடவையே பேக்கேஜ் ஏறிவிட்டது, அதற்குப் பிறகுதான் தோற்றது. மேலெழுதும் தேர்வு இருக்கிறது, ஆனால் ஒரே எண்ணில் இரண்டு வேறு உள்ளடக்கம் இருக்க வழிவிடுவதைவிடப் புதிய எண் கொடுப்பது நல்லது.

சற்று முன்னால் வந்துவிட்டோம்

பேக்கேஜ் சரி, வெர்ஷன் சரி, ஆனாலும் ‘கிடைக்கவில்லை’. ஐந்து நிமிடம் கழித்து அதே ஸ்டெப்பை மறுபடி ஓட்டினால் கிடைக்கிறது. இது நேரப் பிரச்சினை.

டிப்ளாய் டூல் பில்ட் சர்வரிடமிருந்து பேக்கேஜை எடுத்துக்கொள்ளும் அமைப்பில் இது குறிப்பாக வரும். டீம்சிட்டி வழக்கமாக ஸ்டெப்புகள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஆர்டிஃபேக்ட்களை (பில்டில் உண்டான பேக்கேஜ் முதலிய ஃபைல்கள்) வெளியிடும். அதே பில்டின் கடைசி ஸ்டெப் ரிலீஸ் உருவாக்கச் சொன்னால், அந்த நொடியில் பேக்கேஜ் வெளியே இருக்காது. தூங்கு என்று ஒரு ஸ்டெப் சேர்ப்பதால் இது தீராது, பில்ட் முடிவதற்காகத்தானே பேக்கேஜ் வெளிவராமல் காத்திருக்கிறது. பேக்கேஜ் செய்வதை ஒரு பில்டாகவும், ரிலீஸ் உருவாக்குவதை அதைச் சார்ந்த இன்னொரு பில்டாகவும் பிரித்துவிடுங்கள்.

கடிகாரமும் இந்த வகையில் சேரும். கெர்பரோஸ் அடையாளச் சோதனை இயல்பாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். காலவரம்புள்ள டோக்கன்களும் அப்படியே. முன்பு ஸ்கிரிப்டில் நேரத்தையும் அச்சிடச் சொன்னது இதற்காகத்தான்.

பச்சை காட்டுகிறது, ஆனால் எதுவும் நடக்கவில்லை

சிவப்பைவிட ஆபத்தானது இந்தப் பக்கம். பில்ட் பச்சை, ஆனால் சூழலில் பழைய வெர்ஷன்தான் ஓடுகிறது.

பெரும்பாலும் காரணம், ‘டிப்ளாய் செய்’ என்ற கோரிக்கையை டூல் ஏற்றுக்கொண்டதையே ஸ்டெப் வெற்றி என்று எடுத்துக்கொள்வதுதான். வரிசையில் போட்டுக்கொண்டேன் என்பதற்கும் செய்து முடித்தேன் என்பதற்கும் இடையே ஒரு டிப்ளாய்மென்ட்டே இருக்கிறது. முடியும்வரை காத்திரு என்ற தேர்வை இயக்க வேண்டும். இயக்கினால் அடுத்து ஒரு காலவரம்பு வருகிறது. ஆக்டோபஸின் கட்டளைவரி நிரல் இயல்பாக 10 நிமிடம்தான் காத்திருக்கும். டிப்ளாய் 12 நிமிடம் எடுத்தால் பில்ட் சிவப்பாகிவிடும், அங்கே டிப்ளாய் வெற்றிகரமாக முடியும். இந்த முறை பொய் எதிர்த்திசையில். உங்கள் டிப்ளாய் நிஜமாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து அதற்கு மேல் தாராளமாக வையுங்கள்.

பிளகின் இல்லாமல் ஷெல் ஸ்கிரிப்டில் ஓட்டுபவர்கள் எக்ஸிட் கோடைக் கவனியுங்கள். கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறியால் டீ கட்டளைக்கு அனுப்பி ஒரு ஃபைலில் சேமித்தால், பேஷ் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடைத்தான் எடுத்துக்கொள்ளும். டிப்ளாய் கட்டளை தோற்றிருக்கும், டீ வென்றிருக்கும், ஸ்டெப் பச்சை. பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்கினால் தோல்வி மறையாது. பவர்ஷெல்லிலும் வெளி நிரல் ஒன்று தோற்றால் ஸ்கிரிப்ட் பொதுவாக அதோடு நிற்காது, லாஸ்ட்எக்ஸிட்கோட் மாறியைப் பார்த்து நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

இரண்டு பக்கத்து லாகையும் பக்கத்தில் வைத்து

பில்ட் லாகில் தெரிவது கோளாறு கவனிக்கப்பட்ட இடம். அது நடந்த இடம் எதிர்ப்பக்கத்து லாகில் இருக்கலாம். ஆகவே பில்ட் லாகில் பிழை வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, டிப்ளாய் டூலின் சர்வர் லாகில் அதே நேரத்தைப் பாருங்கள். நேர மண்டலம் இரண்டிலும் ஒன்றுதானா என்று முதலில் சரிபாருங்கள், ஒன்று யுடிசியிலும் மற்றொன்று உள்ளூர் நேரத்திலும் எழுதுவது மிகச் சாதாரணம். அங்கே உங்கள் கோரிக்கையின் தடயமே இல்லை என்றால் அது போய்ச் சேரவில்லை, நெட்வொர்க், ப்ராக்ஸி, சான்றிதழ் பக்கம் திரும்புங்கள். தடயம் இருந்து மறுத்திருந்தால், மறுத்ததற்கான முழுக் காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

வெளியிலிருந்து வெப்ஹூக் (ஏதாவது நடந்ததும் ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் கோரிக்கை) வழியாகத் தூண்டும் அமைப்பு என்றால் அனுப்பியவர் பக்கத்துப் பதிவும் உண்டு. கிட்ஹப், ஒவ்வொரு வெப்ஹூக்குக்கும் என்ன அனுப்பியது, என்ன பதில் வந்தது என்று காட்டும். 10 நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று குறித்துவிடும். உங்கள் பக்கம் வேலையை முழுதாக முடித்துவிட்டுப் பதில் சொல்லும்படி எழுதியிருந்தால் இந்த வரம்பில் அடிபடும். பெற்றுக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, வேலையைப் பின்னால் ஓட்டுங்கள்.

மாற்றங்களை ஒன்றொன்றாகச் செய்யுங்கள். பிளகினையும் கீயையும் ஃபயர்வாலையும் ஒரே மூச்சில் மாற்றி, பச்சை வந்துவிட்டால், எது காரணம் என்பது போய்விடும். பிளகினையோ டூலையோ மேம்படுத்திய பிறகு வந்த கோளாறு என்றால், இரண்டின் வெர்ஷனும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று வெளியீட்டுக் குறிப்பில் பார்ப்பது முதல் வேலை. டூலைப் புதுப்பித்து, ஏஜென்டில் இருக்கும் கட்டளைவரி நிரலைப் பழையதாகவே விட்டுவிடுவது பலருக்கும் நேர்வது.

இவ்வளவும் பார்த்து, இன்னொரு குழுவின் உதவி தேவைப்பட்டால், ‘டிப்ளாய் வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். இந்த ஏஜென்டிலிருந்து, இந்தப் பயனரின் பெயரில், இந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும், இந்த நேரத்தில், நேர மண்டலத்தோடு, கோரிக்கை போனது, இந்த எண் பதிலாக வந்தது, அதே மெஷினில் கர்ல் கட்டளைக்கு வந்த வெளியீடு இது, என்று எழுதுங்கள். கீ தெரிகிற வரியை அனுப்புவதற்கு முன் அழித்துவிடுங்கள், கர்ல் விரிவான வெளியீட்டில் தலைப்பு வரிகளோடு அதையும் காட்டிவிடும். இப்படி எழுதி அனுப்பினால் நெட்வொர்க் குழுவில் இருப்பவர் உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்காமல் நேராகத் தன் லாகைத் திறந்துவிடுவார்.